எண் 233

அன்புள்ள ஐயா,

டார்வினுக்கும் அவருடைய பேராசிரியர் ஹென்ஸ்லோவுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பரிவு! என் நெறியாளர் தப்புகளை மட்டும்தான் எழுதி அனுப்புகிறார். பாராட்டி ஒரு வரி கிடையாது. வாட்ஸப் காலத்தில் இனி அப்படிப்பட்ட கடிதங்கள் சாத்தியமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

வாட்ஸப்பை விடுங்கள். மாதம் நாலு பேர் இதைக் கேட்கிறார்கள்.

நீங்கள் 1831 ஆகஸ்ட் 24 கடிதத்தோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பீகிள் கப்பலில் இடமிருக்கிறது என்று கேம்பிரிட்ஜின் தாவரவியல் பேராசிரியர் 22 வயதுப் பையனுக்கு எழுதியது. அதிலும்கூட அளந்துதான் பாராட்டுகிறார்: நீ தேர்ந்த இயற்கையியலாளன் என்று நினைத்துச் சொல்லவில்லை, சேகரிக்கவும் கவனிக்கவும் குறித்துவைக்கவும் தகுதியுள்ளவன், அவ்வளவுதான்.

1833 ஜனவரிக் கடிதத்துக்கு வாருங்கள். டார்வின் பயணத்தில் சேகரித்து, எண் போட்டு அனுப்பிய மாதிரிகளின் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஹென்ஸ்லோ எழுதுகிறார். துண்டு துணுக்குகளை அனுப்பாதே, வேர், பூ, இலை எல்லாம் இருக்கட்டும். பெரிய இலையானால் மடித்து வை. தாளில் தைத்துச் சிரமப்படாதே. அப்புறம், அந்த எண் 233 என்னதான் அது? மின்சாரம் வெடித்து மிஞ்சிய வெறும் கரி மாதிரி இருக்கிறதே! ஏதோ விசித்திரமான பொருளாகத்தான் இருக்கும் என்று கூடவே ஒரு தடவலும் உண்டு.

நானும் தாவரவியல் படித்தவன். முதலாண்டில் ஒரு தும்பையைச் செய்தித்தாளுக்குள் வைத்து உலர்த்தி, அட்டையில் அழகாகத் தைத்துக் கொண்டுபோனேன். (ஹென்ஸ்லோவை அப்போது படித்திருந்தால் ஊசி நூல் மிச்சம்.) பிடுங்கும்போதே வேர் அறுந்துவிட்டிருந்தது. சார் பார்த்துவிட்டு, "இது செடியா, கீரைக்கட்டா?" என்றார். வகுப்பே சிரித்தது. சாயங்காலம் கொத்துக்கரண்டியோடு குளத்தங்கரைக்குப் போய், மண் உதிராமல் வேரோடு இன்னொன்றைப் பெயர்த்து வந்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த அட்டையை நீட்டியபோது ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

பாராட்டைப் பெட்டியைத் திறக்காமலே எழுதிவிடலாம். 233 என்று எண்ணைச் சொல்லித் திட்ட வேண்டுமானால் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்திருக்க வேண்டும். உங்கள் நெறியாளர் பக்க எண் போட்டுத் திட்டுகிறாரா? அப்படியானால் என்னிடம் வந்து புலம்பாதீர்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.

இன்னொன்று. 1835 நவம்பர் 16 அன்று ஹென்ஸ்லோ, தன் மாணவனின் கடிதங்களிலிருந்து சில பகுதிகளை கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் (பெயர்தான் தத்துவம், அறிவியல் சங்கம் அது) வாசித்துக் காட்டினார். சிறு நூலாக அச்சடித்தும் கொடுத்தார். டார்வினை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அப்போது தாஹிட்டித் தீவில் இருந்தார்.

நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் நெறியாளர் உங்களைப் பற்றி என்ன பேசுகிறார் என்று யாரிடமாவது விசாரித்தீர்களா?