ஒண்டான்செட்ரான் கொடுத்தும் அம்மாவுக்குக் குமட்டல் நிற்கவில்லையே?

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய். கீமோ முடிந்துவிட்டது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. எந்நேரமும் குமட்டுகிறது என்கிறார், தினமும் வாந்தி. வாந்தியை அடக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. மார்ஃபினை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலி திரும்பும், அந்த வலியே குமட்டலைக் கூட்டும்.

அம்மா கடைசியாக எப்போது மலம் கழித்தார்? கடிதத்தில் அது இல்லை. கூச்சமோ என்னவோ, பலரும் இதை எழுதுவதே இல்லை. மார்ஃபின் குடலை மந்தமாக்கும். ஒண்டான்செட்ரானும் மலச்சிக்கலை உண்டாக்கும். வயிறு கட்டிக்கொண்டால் குமட்டத்தான் செய்யும். வாந்திக்குக் கொடுக்கிற மாத்திரையே வாந்தியை வளர்க்கிறதோ என்பதுதான் என் முதல் சந்தேகம். மார்ஃபினோடு மலமிளக்கியும் எழுதித் தருவது வழக்கம். மருந்துச்சீட்டில் இருக்கிறதா பாருங்கள். மார்ஃபினால் நேரடியாக வருகிற குமட்டல் பெரும்பாலோருக்கு முதல் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

மூளைத்தண்டில் வாந்தியைக் கிளப்பும் இடத்துக்குப் பல பக்கத்திலிருந்து தகவல் போகிறது: இரைப்பை, குடல், உட்காது, ரத்தத்தில் ஏறிய கால்சியம் அல்லது யூரியா, ஏன், பயம்கூட. அதனால் இரண்டு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சாப்பிட்ட பிறகு நிறைய வாந்தி எடுத்து, உடனே நிம்மதியாகிறாரா? இரைப்பை மெதுவாகக் காலியாகிறது என்று நினைக்கலாம். அதற்கு மெட்டோகுளோப்ரமைடு என்ற மருந்து உதவும். (குடல் முழுக்க அடைத்திருந்தால் அது ஆபத்து, நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.) வாந்தி எடுத்தும் குமட்டல் விடவில்லையா? கால்சியமோ யூரியாவோ ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை தேவை; இதற்கு ஹாலோபெரிடால் என்ற மருந்தைச் சிறிய அளவில் தருவார்கள். தலையைத் திருப்பும்போது குமட்டினால் காரணம் உட்காதாக இருக்கலாம். காலையில் தலைவலியோடு வந்தால் மூளையில் அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒண்டான்செட்ரான் கீமோ வாந்திக்கு அருமையான மருந்துதான், ஆனால் எல்லாக் குமட்டலும் அதற்குக் கட்டுப்படாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வற்புறுத்தாதீர்கள். ஆறிய உணவில் வாசனை குறைவு, அதனால் எளிதாக இறங்கும். தண்ணீரை டம்ளரோடு நீட்டாமல் சில நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூனாகக் கொடுங்கள். மாத்திரையே வெளியே வந்துவிடுகிறது என்றால் தோலுக்கடியில் ஊசியாகத் தரும் வழி இருக்கிறது, கேளுங்கள்.

வாந்தியில் ரத்தம், காபித்தூள் நிறம், வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, பேச்சில் குழப்பம், சிறுநீர் மிகவும் குறைவது: இதில் ஒன்று தெரிந்தாலும் குறிப்புத்தாள் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.