நுகத்தடி நிஜமா?

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் செர்கெய் பரஜானவின் ‘மறந்துபோன முன்னோரின் நிழல்கள்’ பார்த்தேன். நிறமும் பாட்டும் கண்ணையும் காதையும் நிறைத்தன, ஆனால் கதை பிடிபடவில்லை. பாதிக்கு மேல் அருங்காட்சியகத்தைச் சுற்றிவருவது போலாகிவிட்டது. படத்தில் வரும் ஹுத்சுல் என்ற மலைவாழ் மக்களின் வாழ்க்கை உண்மையிலேயே இப்படித்தானா? நண்பர் ஒருவர் இதை ‘ரஷ்யப் படம்’ என்கிறார். சரியா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

நண்பரிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். கீவ் நகரின் தவ்ழென்கோ ஸ்டூடியோ எடுத்த உக்ரைனியப் படம் அது. கார்பாத்திய மலைக் கிராமங்களில், ஹுத்சுல் வட்டார வழக்கிலேயே எடுத்தார்கள். ரஷ்ய மொழியில் டப்பிங் செய்ய வேண்டும் என்று மேலிடம் கேட்டபோது பரஜானவ் மறுத்துவிட்டார். இத்தனைக்கும் அவர் உக்ரைனியர் இல்லை, திபிலிசியில் பிறந்த ஆர்மேனியர். 1965 செப்டம்பர் 4 அன்று கீவில் படம் திரையிடப்பட்டபோது விமர்சகர் இவான் ஜியூபா மேடையேறி, உக்ரைனிய அறிவாளிகள் கைது செய்யப்படுவதை வெளிப்படையாகக் கண்டித்தார். அன்றைய சோவியத்தில் அது சின்ன காரியமில்லை.

அப்புறம் உங்கள் அருங்காட்சியகம். படத்தின் நாயகன் இவானுக்கும் பலாஹ்னாவுக்கும் கல்யாணம் நடக்கும் காட்சி நினைவிருக்கிறதா? இருவர் கண்ணையும் கட்டி, தோளில் ஒரே நுகத்தடியைப் பூட்டுவார்கள். பார்க்கும் எவரும் தலைமுறை தலைமுறையாக வரும் சடங்கு என்றே நினைப்பார்கள். ஆனால் ஹுத்சுல் கல்யாணத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது, அது பரஜானவின் கற்பனை. செத்துப்போன காதலி மரிச்காவை மறக்க முடியாதவனை இன்னொருத்தியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அதை வசனத்தில் சொல்லாமல் மாட்டின் கழுத்தில் கிடக்கும் மரத்தை எடுத்துச் சொல்லிவிட்டார். கடைசியில் பிணம் கிடக்கும் வீட்டில் ஊரார் சிரித்து விளையாடுகிறார்களே, அதைத்தான் நாம் இயக்குநரின் குறும்பு என்போம். ஆனால் அது நிஜ வழக்கம். மிகைலோ கொத்சியுபின்ஸ்கியின் மூலக்கதையும் அங்கேதான் முடிகிறது.

ஆகவே இதை வைத்து ஹுத்சுல் வாழ்க்கையைப் படிக்கப் போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். அந்த மக்கள் எதை எதாகக் கண்டார்கள் என்பதுதான் படம். தொடக்கத்தில் மரம் விழும்போது ஒளிப்பதிவாளர் யூரி இல்யென்கோவின் கேமராவும் மரத்தோடு சேர்ந்து கீழே விழுகிறது. இவானின் அண்ணன் சாவதை மரத்தின் கண்ணால் பார்க்கிறோம். காட்டுக்கு உயிர் உண்டு என்று நம்புகிறவனுக்கு அது கேமரா வித்தையாகத் தெரியாது.

கதை பிடிபடவில்லை என்றீர்கள். ‘தனிமை’ என்ற பகுதியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். மரிச்கா போனதும் நிறமும் போய்விடும், எல்லாம் கறுப்பு வெள்ளை. இவான் அழுக்கும் தாடியுமாகத் திரிய, முகம் தெரியாத ஊரார் அவனைப் பற்றிப் பேசுவது மட்டும் கேட்கும். என்னைக் கேட்டால், கொண்டாட்டக் காட்சிகளைவிட நாட்டார் மரபு அந்தப் புறணியில்தான் அதிகம் இருக்கிறது.

சரி, வண்ணம் திகட்டிவிட்டதென்றால் அடுத்து லியோனித் ஒசிகாவின் ‘கல் சிலுவை’ (1968) பாருங்கள். வசில் ஸ்தெஃபானிக்கின் கதைகளிலிருந்து எடுத்தது, முழுக்கக் கறுப்பு வெள்ளை. பிழைக்க வழியில்லாமல் கனடாவுக்குக் கிளம்பும் கிழவர் ஒருவர், தான் மண் சுமந்து திருத்திய குன்றின்மேல் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் கல்லில் சிலுவை நட்டுவிட்டுப் போகிறார். வழியனுப்ப வந்த ஊர், இழவு வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்திருக்கும்.