தியேட்டர் இருட்டில் தடுமாறினான் என்று எழுதியிருந்தீர்களே

அம்மா, ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, முக்கியமானதைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். போன மாதம் தியேட்டரில் இருக்கை தெரியாமல் தடுமாறி, தங்கை கையைப் பிடித்துக்கொண்டுதான் மகன் உட்கார்ந்தான் என்கிறீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்காக மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு, உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற வாரத்தில் ஐந்து இரவு டெஸ்ஃபெரால் ஊசி மருந்தின் பம்ப்போடு தூங்குகிற 16 வயதுப் பையன். அவனுக்கு இருட்டில் கண் தெரியவில்லை என்றால் இன்றைக்கே உங்கள் ரத்தநோய் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், அடுத்த ரத்தம் ஏற்றும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் பக்கம் முழுக்க எழுதியிருக்கும் மற்றவை, வெள்ளை விழியில் வருடக்கணக்காக இருக்கும் லேசான மஞ்சள், கருவளையம், அரிப்பு, இதனால் எல்லாம் பார்வை போகாது. விடுங்கள்.

டெஸ்ஃபெரால் கண்ணைக் கெடுக்கும் என்று நீங்கள் பார்த்த வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஒரு பாட்டில் ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, உடம்பு தானாக வெளியேற்றுவதோ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், மிச்சம் இதயத்திலும் கல்லீரலிலும் போய்ப் படிகிறது. அதை எடுக்காமல் விட்டால் இதயம் செயலிழந்துவிடும். உங்கள் மகனை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருப்பது அந்த ஊசிதான்.

சிக்கல் அளவில் இருக்கலாம். உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் 4,000-லிருந்து 900-க்கு இறங்கியிருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் மருந்தின் அளவு மாறவே இல்லை என்கிறீர்கள். இரும்பு குறைந்த பிறகும் அதே அளவு மருந்து உள்ளே போனால், விழித்திரைக்கு வேண்டிய துத்தநாகத்தையும் செம்பையும் கூட அது இழுத்துவிடுகிறது என்று கருதுகிறோம். முதலில் இருட்டில் பார்வை மங்கும், அப்புறம் நிறங்கள் குழம்பும். என்னிடம் வந்த ஒரு பெண் நீல ரவிக்கையையும் பச்சை ரவிக்கையையும் மாற்றி மாற்றி எடுத்ததை அவள் அம்மா கவனித்து உடனே அழைத்து வந்தார், மருந்தை மாற்றியதும் பார்வை பெரும்பாலும் திரும்பியது. விழித்திரையில் கறை விழுந்த பிறகு வந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இந்த நிலையில் ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்துவதா, குறைப்பதா, மாத்திரைக்கு மாற்றுவதா என்பதை அந்த மருத்துவர் சொல்லட்டும், நீங்களாகவே முடிவெடுக்காதீர்கள். விழித்திரைப் பரிசோதனை, நிறப்பார்வைச் சோதனை, விழித்திரையின் மின் துடிப்பை அளக்கும் ஈ.ஆர்.ஜி. மூன்றும் தேவைப்படும். இதே மருந்து காதையும் பாதிக்கும், கேட்கும் திறனையும் பார்த்துவிடுங்கள். மாத்திரைக்கு மாறினாலும் வருடம் ஒருமுறை கண், காது இரண்டையும் பரிசோதிக்க வேண்டும்.

ரத்தம் சுத்தமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு தினமும் நெல்லிக்காய்ச் சாறு கொடுக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் சி அதிகம் கொடுத்தால் இவன் இதயத்துக்கே ஆபத்து.

பரிசோதனை முடியும்வரை சாயங்கால டியூஷனுக்கு அவனைச் சைக்கிளில் தனியாக அனுப்பாதீர்கள். ஃபெரிட்டின் ரிப்போர்ட் பழையது புதியது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.