ஸ்பினோசாவுக்கு லத்தீன் வேண்டுமா?

முனைவர் பட்டத்தில் இரண்டாம் வருடம், தலைப்பு லத்தீனில் எழுதிய தத்துவஞானி ஸ்பினோசா, லத்தீன் படிக்கச் சொல்கிறார் நெறியாளர், ஒரு வருடம் வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நெறியாளர் பக்கம்தான் நான்.

1677இல் வந்த அவருடைய 'எதிக்ஸ்' நூலில் 'குவாட்டெனுஸ்' என்றொரு சின்னச் சொல் திரும்பத் திரும்ப வரும். 'இன்ன வகையில் பார்த்தால்' என்று பொருள். கடவுளை எல்லையற்றவராகப் பார்த்தால் ஒன்று, ஒரு மனித மனமாக வெளிப்படுபவராகப் பார்த்தால் இன்னொன்று. பாதி வாதம் அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. மொழிபெயர்ப்பில் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவோம். நானும் தாண்டியிருக்கிறேன்.

நல்ல விஷயம், ஸ்பினோசாவின் லத்தீன் பழைய ரோமானியப் பேச்சாளர் சிசெரோவைப் போலச் சுற்றி வளைக்காது. அதே சொற்கள், அதே வாக்கிய அமைப்பு. அடிப்படை இலக்கணம் முடிந்ததும் முதல் பாகத்தின் 36 கூற்றுகளை மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் ஒன்றாகப் படியுங்கள். அத்தியாயம் எழுதுவதை அதற்காக நிறுத்த வேண்டாம்.

லத்தீன் சுத்தமாக ஒத்துவரவில்லை, ஆனால் பிரெஞ்சு தெரியும் என்றால், தலைப்பாக எடுத்துக்கொள்ள, 1643 முதல் 1649 வரை தத்துவஞானி தெகார்த்தும் பொஹீமிய இளவரசி எலிசபெத்தும் பிரெஞ்சில் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. உடலற்ற மனம் உடலை எப்படி அசைக்கும் என்று எலிசபெத் விடாமல் குடைவார். ஆனால் பயந்துகொண்டு மட்டும் தலைப்பை மாற்றாதீர்கள்.