பொலிஸ் மறித்தால் பணிந்து போனால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு கடையில் வேலை செய்கிறான். கடை பூட்டி மோட்டார் சைக்கிளில் கோண்டாவிலுக்கு வர இரவு பத்து, பதினொரு மணியாகிவிடும். அண்மையில் இரண்டு தடவை பொலிஸார் மறித்துச் சோதித்திருக்கிறார்கள். "அவர்கள் சொல்வதைச் செய், எதிர்த்துக் கதைக்காதே, ஒன்றும் நடக்காது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனுடைய கூட்டாளிகளோ, பணிந்தால்தான் ஏறி மிதிப்பார்கள், சட்டம் கதைத்தால் விட்டுவிடுவார்கள் என்கிறார்களாம். எது சரி? அப்படிக் கொண்டுபோனால் நான் பின்னால் போய்க் கேட்பது அவனுக்கு இன்னும் கெடுதலாகுமா?

பதில்: ஐயா, நீங்கள் சொல்லி வைத்தது வீதிக்குச் சரி, பொலிஸ் நிலையத்துக்குப் போதாது. கூட்டாளிகள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதைப் போய் நடுவீதியில் பரீட்சித்துப் பார்க்கச் சொல்கிறார்கள், அதுதான் பிழை. மறிக்கிற இடத்தில் ஆபத்து வருவது பெரும்பாலும் பயத்தாலும் அவசரத்தாலும், அங்கே பணிவு உதவும். நிலையத்துக்குள் ஆபத்து வருவது உங்கள் மகனிடமிருந்து அவர்களுக்கு ஏதோ ஒன்று தேவைப்படுவதால், அங்கே எவ்வளவு பணிந்தாலும் அந்தத் தேவை தீராது.

முதலில் வீதி. 2016 ஒக்டோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் நடந்ததை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள், பிறகு சூட்டுக்காயம் தெரியவந்தது, அதன் பிறகு மறித்தும் நிற்கவில்லை என்றார்கள். பொலிஸார் ஐந்து பேர் கைதானார்கள். அடுத்த வருடம் ஜூலையில் வடமராட்சி கிழக்கு மணற்காட்டில் மணல் வாகனத்தில் வந்த இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் "நிற்கவில்லை" என்பதே விளக்கம். அந்த விளக்கம் உண்மையா பொய்யா என்பதல்ல இங்கே விடயம். சுட்ட பிறகு சொல்வதற்கு மிகச் சுலபமான காரணம் அதுதான், அதை உங்கள் மகன் அவர்கள் கையில் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சட்டத்தைக் கேட்டால், நிற்காமல் போனவரைச் சுடலாம் என்று எங்கும் இல்லை. 1979-ம் ஆண்டின் 15-ம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 23-ம் பிரிவு, கைதை ஒருவர் பலமாக எதிர்த்தால் அல்லது தப்பப் பார்த்தால் தேவையான வழிகளைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரை எடுக்க அந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்றும் அதே இடத்திலேயே சொல்லிவிடுகிறது. லைசன்ஸ் இல்லாமல் ஓடுவதோ, தலைக்கவசம் போடாததோ, மணல் ஏற்றுவதோ தூக்குத்தண்டனைக் குற்றமல்ல. ஆனால் இதெல்லாம் பிறகு நீதிமன்றில் நாங்கள் வாதாடுவதற்கு. இருட்டில் ரோந்து பொலிஸார் முன்னால் நிற்கிற பெடியனுக்கு இந்தப் பிரிவு கவசமாக வராது.

ஆகவே மறித்தால் நிற்கட்டும், வெளிச்சமுள்ள இடமாக, கடை வாசலாக இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதைத் தேடிக் கொஞ்சத் தூரம் ஓடுவது தப்பியோடுவதாகத் தெரியும் என்றால் மறித்த இடத்திலேயே நிற்கட்டும். எஞ்சினை நிற்பாட்டி, தலைக்கவசத்தைக் கழற்றி, இரண்டு கையும் தெரிகிற மாதிரி வைக்கட்டும். அடையாள அட்டை காற்சட்டைப் பையில் இருந்தால், "பையில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுக்கட்டும். சிவில் உடையில் இருப்பவர்கள் மறித்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, கேட்கிற குரலில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டப்பத்திரம் எழுதினால் வாங்கிக்கொள்ளட்டும், பிழையாக எழுதினார்கள் என்றால் பணத்தைக் கட்டாமல் நீதிமன்றில் போய்ச் சொல்லலாம், வீதியில் வழக்குப் பேசி வென்றவரை நான் காணவில்லை. வாள்வெட்டுச் சம்பவம் ஏதும் நடந்த கிழமைகளில் மூன்று பேராக ஒரு மோட்டார் சைக்கிளில் வருவதை நிறுத்திக்கொண்டாலே பாதிப் பிரச்சினை வராது. (இப்படிச் சொல்ல வேண்டியிருப்பதே கேவலம்தான், மூன்று பேர் ஏறினால் தண்டம் எழுதலாம், அதற்காக அடிக்க முடியாது. ஆனால் நீங்கள் கேட்டது பாதுகாப்பைப் பற்றி.)

சரி, "ஸ்டேசனுக்கு வா" என்றால்? இங்கேதான் உங்கள் மகன் பழக வேண்டிய ஒரே கேள்வி வருகிறது: "சேர், என்னைக் கைது செய்கிறீர்களா, என்ன காரணம்?" காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. கேட்டுவிட்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் போகட்டும், கையை உதறக்கூடாது. "கைது இல்லை, சும்மா விசாரிக்கத்தான்" என்று சொல்லி இரவு முழுக்க வாங்கில் இருத்தி வைப்பது இங்கே வழக்கம். முன்பு சொன்ன 23-ம் பிரிவிலேயே அதற்கும் பதில் இருக்கிறது: முறைப்படி கைது செய்யவில்லை என்ற சாக்கில் ஒருவரைத் தடுத்து வைத்திருந்தால் அதுவும் கைதுதான். அதாவது இருத்திய நேரத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. சாதாரண சட்டத்தின் கீழ் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். போதைப்பொருள் வழக்கென்றால் நீதவானின் கட்டளையோடு 7 நாள் வரை தடுத்து வைக்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டமென்றால் கதையே வேறு, முதலில் 72 மணித்தியாலம், தடுப்புக்காவல் கட்டளை வந்தால் மூன்று மூன்று மாதமாக நீட்டி ஒரு வருடம் வரை (2022 திருத்தத்துக்கு முன் 18 மாதம்).

இனி நிலையத்துக்குள். பணிந்தால் அடிக்க மாட்டார்கள் என்பதை உடைக்கிற உதாரணங்கள் இந்த நாட்டில் நிறைய. 2002-ல் வத்தளையில் ஒருவரை ஆள்மாறாட்டத்தில் பிடித்தார்கள். கொழும்பு கப்பல்துறையில் சமையல்காரர், எந்தக் குற்றத்தோடும் தொடர்பில்லாதவர். கட்டித் தொங்கவிட்டு அடித்ததில் சிறுநீரகம் செயலிழந்தது. உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது, ஆனால் பொலிஸாருக்கு எதிரான சித்திரவதை வழக்கில் மேல் நீதிமன்றில் சாட்சி சொல்லுமுன் 2004 நவம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 2010-ல் மிரிஹானையில் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்து வதைக்கப்பட்டவர் ஒரு முன்னாள் இராணுவச் சிப்பாய். 2023 டிசம்பரில் அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தபோது, பொறுப்பென்று காணப்பட்டவர்களில் ஒருவர் பதில் பொலிஸ்மா அதிபராக இருந்தார். சிங்களம் தெரிந்த, சீருடை போட்ட அனுபவமுள்ள மனிதருக்கே அந்தக் கதி. எங்கள் பக்கத்தில் 2023 நவம்பரில், களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டை பொலிஸார் பிடித்த 26 வயது இளைஞர் விளக்கமறியலில் இருக்கும்போது இறந்தார். தனக்கு நடந்ததை அவரே சொன்ன காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இவர்கள் எதிர்த்ததால் அடிபட்டவர்கள் அல்ல. பிறகு ஏன்? சட்டத்தரணியாக நான் காண்கிற காரணம் சாட்சியக் கட்டளைச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் 25-ம் பிரிவின்படி நீதிமன்றில் செல்லாது. அப்படியானால் அடித்து என்ன பயன் என்று தோன்றும். ஆனால் 27-ம் பிரிவு, காவலில் இருப்பவர் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தத் தகவலின் அந்தப் பகுதியை மட்டும் ஏற்கிறது. ஆகவே களவு வழக்கில் அவர்களுக்கு வேண்டியது "நான்தான் எடுத்தேன்" என்பதல்ல, நகை எங்கே, வாள் எங்கே என்பது. இல்லாத ஒன்றை எவ்வளவு பணிந்தாலும் காட்டித் தர முடியாது அல்லவா? குற்றம் செய்யாதவருக்குத்தான் அந்த அறையில் ஆபத்து அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடி தாங்க முடியாமல் யாரோ ஒரு கூட்டாளியின் பெயரைச் சொன்னால், அடுத்த நாள் அவனும் அதே வாங்கில்.

இதனால் அங்கே ஒத்துழைப்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடம்பால் ஒத்துழைப்பது, இருக்கச் சொன்னால் இருப்பது, எழும்பச் சொன்னால் எழும்புவது, குரலை உயர்த்தாதது, இவை எப்போதும் சரி. வாயாலும் கையெழுத்தாலும் ஒத்துழைப்பதில் எல்லை உண்டு. விசாரணையில் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதைக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 110-ம் பிரிவே விலக்குகிறது. பெயர், முகவரி, எங்கே வேலை, எத்தனை மணிக்குக் கடை பூட்டினேன் என்பதைச் சொல்லட்டும். மற்றதற்கு, "சட்டத்தரணி வந்த பிறகு சொல்கிறேன் சேர்" என்று ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். சட்டத்தரணி நிலையத்துக்கே வந்து கட்சிக்காரருக்காகப் பேசலாம் என்று 2012-ல் வர்த்தமானியில் விதிகளே வந்துவிட்டன. சில பொறுப்பதிகாரிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கையெழுத்து விடயத்தில் மட்டும் நான் பிடிவாதமாகவே சொல்வேன். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வைக்கக்கூடாது, வெற்றுத்தாளில் வைக்கவே கூடாது. வடக்கில் நிருவாக மொழி தமிழ், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது சலுகை அல்ல. 1993-ல் கைதான கிழக்கு மாகாணத் தமிழர் ஒருவர், சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட, தன்னால் வாசிக்க முடியாத வாக்குமூலத்தில் தன் பெருவிரல் அடையாளத்தைப் பலவந்தமாகப் பதித்தார்கள் என்றார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவர் பெற்ற ஒப்புதல் செல்லும் என்பதால், அந்த ஒரு தாளை வைத்தே 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 வருடம். ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-ல் அது அநீதியான விசாரணை என்றது. அதை ஏற்று அவரை விடுவிக்க இங்கே நீதிமன்றம் முன்வரவில்லை.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி: நீங்கள் பின்னால் போனால் கெடுதலா? பல குடும்பங்கள் விடியட்டும், கோபப்படுத்த வேண்டாம், தெரிந்த ஒருவர் மூலம் மெதுவாகப் பேசுவோம் என்று இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தைத்தான் நான் மிக மோசமான ஒத்துழைப்பு என்பேன், ஏனென்றால் அடி பெரும்பாலும் விழுவது அந்த முதல் இரவில், யாரும் கேட்காத மணித்தியாலங்களில். ஒருவர் வாசலில் நிற்கிறார், பெயரைப் பதியச் சொல்கிறார், நேரத்தைக் குறிக்கிறார் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தாலே கை கொஞ்சம் தாழும். போங்கள், தனியாக அல்ல, இன்னொருவரோடு. சத்தம் போடாதீர்கள். எத்தனை மணிக்கு, எங்கே பிடித்தார்கள், யார் பார்த்தார்கள், மோட்டார் சைக்கிள் எங்கே என்று எழுதிக்கொண்டு போங்கள். மகனைப் பார்க்கக் கேளுங்கள், சாப்பாடு கொடுக்கிற சாட்டிலாவது பாருங்கள். இல்லை, இங்கே அப்படி ஒருவரும் இல்லை என்றால் அதே நிமிடம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அழையுங்கள். 1996 அவர்களுடைய அவசர இலக்கம், யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, முன்னறிவித்தல் இல்லாமல் தடுப்பிடத்துக்குப் போய்ப் பார்க்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அடி விழுந்துவிட்டது என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடங்கள் இரண்டு, இரண்டிலும் பெடியன்கள் வாயடைத்துப் போகிறார்கள். ஒன்று சட்ட வைத்திய அதிகாரி. பொலிஸார் பக்கத்தில் நின்றால் அவர்களை வெளியே அனுப்பச் சொல்லி டொக்டரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். "விழுந்தேன்" என்று அங்கே சொல்லிவிட்டால் அது அறிக்கையில் ஏறிவிடும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. மற்றது நீதவான். கூண்டில் நிற்கும்போது, யாரும் கேட்காவிட்டாலும், "ஐயா, என்னை அடித்தார்கள்" என்று சொல்லிக் காயத்தைக் காட்டட்டும். சித்திரவதைக்கு எதிரான 1994-ம் ஆண்டின் 22-ம் இலக்கச் சட்டத்தில் குறைந்தது 7 வருடச் சிறை, மேலதிகாரி சொன்னார் என்பது அதற்குச் சமாதானமாகாது. உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போடுவதானால் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் வராது. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.