கூத்துக் களத்தில் கோடு போடுவது எப்படி? – ஓவியம் குறித்த வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறுவர் இதழ்களுக்குப் படம் வரைகிறேன். பொங்கல் என்றால் பானையும் கரும்பும், தீபாவளி என்றால் மத்தாப்பும் என்று கை தானாகவே போய்விடுகிறது. பருவங்களிலிருந்தும் திருவிழாக்களிலிருந்தும் புதிதாக எதையாவது பெறுவது எப்படி?
– வாசகி, காட்பாடி

பதில்: பிறர் வரைந்த படங்களில் பார்த்துப் பழகியதால்தான் பானையும் கரும்பும் உடனே கைக்கு வருகின்றன. பண்டிகைக்குரிய பொருளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பண்டிகை நம் ஊரில் எந்த வெளிச்சத்தில் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். அம்மனின் சிரசை (தலையை) ஊர்வலமாக எடுத்துவரும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில், அதாவது மே மாத நடுவில், கத்திரி வெயிலில் வருகிறது. அந்த வெயிலில் வெளுத்த வானமும் கண் கூசும் தரையும் ஆட்களின் காலடியில் ஒடுங்கிய கறுப்பு நிழலும்தான் மிஞ்சும் என்பதால், பென்சிலைத் தேய்த்துத் தேய்த்து நிழல் ஏற்றுவதைவிட மையில் தோய்த்த தூரிகையே அதற்குப் பொருத்தம். தை மாதத்தில் தொடங்கும் எருது விடும் விழாக்களோ வேறு வகை: சாய்ந்து விழும் காலை வெயிலில் தெருப்புழுதி ஒளிர்வதால், மாட்டின் உருவத்தைவிட அதைச் சுற்றியுள்ள தூசியே படத்தின் பெரும்பகுதியாகிவிடும். இந்த இரண்டையும் ஒரே வண்ணப்பெட்டியால் தீட்ட முடியாது என்பதைக் கை உணர்ந்துவிட்டால், பானையைக்கூட நீங்கள் வேறு விதமாகத்தான் வரைவீர்கள்.

கூட்டம் முழுவதையும் ஒரே தாளில் அடக்க முயல வேண்டாம். சிரசு ஊர்வலத்தில் அம்மனை வரைய எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் உடைப்பதற்காகத் தேங்காய்களைக் குவித்து வைத்துக்கொண்டு தெருவோரத்தில் காத்திருக்கும் குடும்பம் அதைவிட நல்ல படம் என்பது என் எண்ணம். மகா சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையில் காளி வேடமிட்டவர்களை வரையும்போது, அவர்களுக்கு அது காட்சியன்று, வழிபாடு என்பதை நினைவில் வைத்து, எட்டி நின்றே வரையுங்கள்.

கேள்வி: தெருக்கூத்தை நேரில் வரைய முயன்றால், ஒரு கோடு முடிவதற்குள் நடிகர் நகர்ந்துவிடுகிறார். செல்போனில் படமெடுத்து வீட்டில் வரைவது தவறா?
– வாசகர், ஆற்காடு

பதில்: தவறில்லை. ஆனால் புகைப்படத்தில் கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோளணியும் துல்லியமாக இருக்கும், மிருதங்கம் இருக்காது. கூத்தில் அடவின் (ஆட்ட அசைவின்) வேகத்தைத் தீர்மானிப்பது தாளம் என்பதால், அது காதில் விழும்போது போடுகிற கோட்டுக்கும் அமைதியான அறையில் போடுகிற கோட்டுக்கும் உள்ள வேறுபாடு, வரைந்தவருக்கு மட்டுமன்றிப் பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும்.

நகர்ந்துவிடுகிறாரே என்ற கவலைக்குக் கூத்தின் அமைப்பிலேயே வழி இருக்கிறது. நடிகர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாடுவார்கள். பாட்டு திரும்பும்போது அசைவும் பெரும்பாலும் திரும்பி வரும். ஆகவே ஒரே தாளில் நான்கைந்து உருவங்களைப் பாதி பாதியாகத் தொடங்கி வைத்து, அந்த நிலை மீண்டும் வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வேடதாரி சுழலும்போது முகத்தைத் தேடாமல், விரிந்து எழும் பாவாடையின் விளிம்பை மட்டும் ஒரே இழுப்பில் போடுங்கள். கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரன் பேசத் தொடங்கியதும் மற்ற வேடங்கள் ஓரளவு அசையாமல் நிற்கும். அணிகலன்களை அப்போது பார்த்துக்கொள்ளலாம். முகவீணை என்னும் சிறு குழலை ஊதுபவரையும் ஆர்மோனியக்காரரையும் மறந்துவிடாதீர்கள், அவர்கள் விடியும்வரை உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவர்கள்.

இரவில் வரைவது கடினமாக இருந்தால், திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தின் நிறைவில், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளத்துக்குச் செல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், தரையில் மண்ணால் பிரம்மாண்டமாக அமைக்கப்பட்ட துரியோதனன் படுத்திருப்பான். அவன் நகர மாட்டான். அதற்கும் முன்பாகக் கை பழக வேண்டுமென்றால் வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் எதிரிலேயே அமர்ந்து வரைந்ததைப் போல, அங்குள்ள யாளிகளையும் குதிரை வீரர்களையும் வரைந்து பாருங்கள். பாய்கிற நிலையில் குதிரையின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை அங்கே கற்றுக்கொண்டால், கூத்துக்காரரின் காலையும் விரைவில் பிடித்துவிடுவீர்கள். தாளுக்கு அதிகம் செலவிட வேண்டாம். முதல் சில இரவுகளுக்குக் கோடு போடாத பள்ளி நோட்டே போதும்.