கதைத்தால் சோறு இறங்குமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு விரதம் பிடித்தவள், சடங்கின் கடைசியான குளிர்த்தி முடிந்தும் விடவில்லை. எல்லாருக்கும் விதவிதமாகச் சமைத்துத் தருகிறாள், தான் மட்டும் சாப்பிடுவதில்லை. நிறை 49 கிலோவிலிருந்து 39க்கு இறங்கிவிட்டது. மூன்று மாதமாக மாதவிடாயும் இல்லை. போன கிழமை ரியூசனில் மயங்கி விழுந்தாள். டொக்டர் உளநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார். மாமி கண்ணூறு என்கிறார். சாப்பிடாத பிள்ளையோடு கதைத்து என்ன ஆகப்போகிறது?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, அந்தத் துண்டோடு இந்தக் கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எழுதியிருப்பவை அனொரெக்சியா என்ற, நிறை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கவைக்கும் மனநோயின் அடையாளங்கள். அதுதானா என்று வைத்தியர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் மனநோய்களில் அதிகம் உயிரைப் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று என்பதால், பிடிவாதம், வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

உளவளத்துணை என்றதும், யாரோ ஒருவர் 'சாப்பிடு பிள்ளை' என்று புத்தி சொல்வார் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருவதாகக் கண்டது, லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சை. அதில் காரணம் தோண்டுவதும் இல்லை, தாயில் பழி போடுவதும் இல்லை. இன்றைக்கு இரவுச் சாப்பாட்டை யார் போடுவது, எவ்வளவு போடுவது என்பதில்தான் அது தொடங்கும். முதல் சில மாதம் சாப்பாட்டு முடிவுகள் எல்லாம் தாய் தகப்பன் கையில். பக்கத்தில் இருந்து, கோப்பை முடியும்வரை எழும்பாமல் இருப்பீர்கள். அழுவாள், 'அம்மா, உங்களைப் பிடிக்கவே இல்லை' என்பாள். அந்த நேரம் கதைப்பது நோய், உங்கள் பிள்ளை இல்லை. மிரட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். எந்த நேரச் சாப்பாட்டில் சிக்கல் வந்தது, நாளைக்கு அதை எப்படிச் சமாளிப்பது என்று சிகிச்சையாளர் ஒவ்வொரு முறையும் உங்களோடு இருந்து பார்ப்பார். நிறை ஏறியபின் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவள் கைக்குத் திரும்பும். அவளுடைய பயம், உடம்பைப் பற்றிய எண்ணம், படிப்பு எல்லாம் அப்புறம்தான் வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுக்கும், இடையில் சறுக்கலும் வரும்.

ஏன் சாப்பாடு முதலில்? 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து வாசித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஆட்களை விட்டு ஒதுங்கினார்கள். பட்டினியே மனதை அப்படி மாற்றிவிடுகிறது. உங்கள் மகள் ஊருக்கே சமைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். அந்த நிலையில் இருக்கும் மூளையில் எந்தப் புத்திமதியும் ஏறாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பதறிப்போய் ஒரே நாளில் அள்ளித் திணிக்காதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென நிறையச் சாப்பாடு போனால் இரத்தத்தில் பொஸ்பேட் என்ற உப்பின் அளவு இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் பார்த்து, எவ்வளவில் தொடங்குவது என்று வைத்தியர் சொல்லட்டும். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாளா என்பதையும் கவனித்து மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சை அதற்கேற்ப மாறும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, அரச ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. அங்கே 'வீட்டில் சாப்பாட்டை நாங்கள் எப்படிப் பொறுப்பெடுப்பது?' என்று நீங்களே கேளுங்கள். தகப்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள், இது தாய் தனியே தூக்கும் சுமை இல்லை.

மாமி நூல் கட்ட விரும்பினால் கட்டட்டும், அதோடு சண்டை வேண்டாம். ஆனால் கிளினிக் நாள் தவறக் கூடாது. மாமிக்கும் ஒரு வேலை கொடுங்கள்: பின்னேரத் தேத்தண்ணியும் கடியும் அவர் பொறுப்பு, பேத்தியோடு சேர்ந்து சாப்பிடட்டும். 'மெலிஞ்சு போனாய்', 'இப்ப கொஞ்சம் சதை வைச்சிருக்கு' என்ற இரண்டு கதையும் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. அயலவர் வாயையும் நீங்கள்தான் அடக்க வேண்டிவரும்.

உங்களுக்கே தாங்க முடியாத நேரத்தில் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். மகள் மறுபடி மயங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தண்ணீர்கூட வேண்டாம் என்றாலோ கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.